கஜுக் காணிக்கு எந்த இனம்?

வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ இருந்துகொண்டு புத்தளம், மன்னார் பக்கம் காணி வைத்திருப்பவர்கள் மரமுந்திரிகை நட நினைத்தால் முதலில் கேட்பது, "எந்த இனம் நிறையக் காய்க்கும்?" என்றுதான். அதற்கு முன்னால் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. ஒரு கொட்டையில் எத்தனை கிராம் பருப்பு? மரம் எந்த மாதம் பூக்கிறது?

முதலில் பருப்பு. சந்தையில் முழுப் பருப்பைப் பருமனால் தரம் பிரித்து எண் கொடுப்பார்கள். டபிள்யூ 320 என்ற தரம் என்றால் ஒரு றாத்தலுக்கு (ஏறத்தாழ 454 கிராம்) 300 முதல் 320 முழுப் பருப்பு. டபிள்யூ 240 என்றால் 220 முதல் 240. எண் குறையக் குறைய விலை ஏறும். கொட்டை 5 கிராம், அதில் பருப்பு 28 வீதம் என்றால் ஒரு பருப்பு 1.4 கிராம். றாத்தலுக்கு 324 வரும், 320 தரத்தைக்கூட மயிரிழையில் தவறவிடும். கொட்டை 7 கிராம், பருப்பு 30 வீதம் என்றால் 2.1 கிராம். றாத்தலுக்கு 216, அதாவது 240ஐயும் தாண்டிய பருமன். இரண்டு மரமும் ஒரே கிலோக் கணக்கில் காய்த்தாலும் கையில் வரும் காசு வேறு.

கன்று விற்பவரிடம் தாய்மரத்தின் காய்ந்த கொட்டை ஒரு கிலோ கேளுங்கள். எண்ணிப் பாருங்கள்: 140 அளவில் இருந்தால் நல்லது, 200 என்றால் யோசியுங்கள். தண்ணீரில் போடுங்கள். மிதப்பவை நிரம்பாத கொட்டைகள். பெரிய கொட்டையைப் பார்த்து மயங்குபவர்களுக்கு இது நல்ல மருந்து. பிறகு இருபதை வெட்டி, தோலுரித்து, பருப்பை நிறுத்துப் பாருங்கள். கொட்டையின் ஓட்டிலுள்ள எண்ணெய் கைத்தோலைச் சுடும், வெறுங்கையால் தொட வேண்டாம்.

காணி முழுவதும் விதைக்கன்று வைத்தால் இந்தக் கணக்கு எதுவும் நிற்காது. மரமுந்திரிகையில் அயல் மகரந்தச் சேர்க்கை அதிகம். நல்ல மரத்தின் கொட்டையை நட்டாலும் தாயைப் போலப் பிள்ளை வராது. ஏக்கருக்கு எழுபது மரம் நின்றால் எழுபதும் எழுபது அளவில் காய்க்கும். கொட்டை உடைக்கும்போது வெட்டும் கருவியின் அலகை ஓர் அளவுக்குத்தான் வைக்க முடியும். சின்னக் கொட்டையில் ஓடு சரியாகப் பிளக்காது, பெரியதில் அலகு பருப்பையே வெட்டிவிடும். உடைந்த பருப்பின் விலை முழுப் பருப்பின் பக்கத்தில் வராது. ஆகவே ஒட்டுக்கன்றுதான். இலங்கை மரமுந்திரிகைக் கூட்டுத்தாபனத்தின் தெரிவுகள் டபிள்யூ.யூ.சி.சி. என்ற எழுத்துகளோடு ஓர் எண் சேர்ந்து வரும். கன்றின் சீட்டில் அந்த எண் இல்லாவிட்டால் அது இனம் அல்ல, வெறும் கன்று.

இந்தியாவின் வெங்குர்லா 7 என்ற இனத்தில் கொட்டை 10 கிராம் என்று வாசித்துவிட்டு, பெட்டியில் நாலு கன்று கொண்டுவரலாமா என்று கேட்பவர்கள் உண்டு. 1999ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது, அனுமதியில்லாமல் கொண்டுவர வேண்டாம். அந்த இனம் அங்குள்ள பருவத்துக்குப் பூப்பது, நமது மழைக்கு எப்படி நடக்கும் என்பது வேறு கதை.

பருவம்தான் பலர் தவறவிடுகிற இடம். உலர்வலயத்தில் மாரி மழை ஓய்ந்த பிறகு பூ வர வேண்டும். முந்திப் பூக்கும் மரத்தில் பூங்கொத்து மழையில் நனைந்து கருகும். மகரந்தம் ஈரமாகிக் காய் பிடிக்காது, அந்திரக்நோஸ் பூஞ்சணமும் ஏறும். தேயிலை நுளம்பின் தாக்கமும் இளந்தளிரும் பூவும் வரும் காலத்தில்தான். பெயர்தான் நுளம்பு, உண்மையில் சாறு உறிஞ்சும் மூட்டுப்பூச்சி. அது குத்திய இடம் கறுத்து, கொத்து முழுவதும் காய்ந்து தொங்கும். பிந்திப் பூத்தாலும் சிக்கல்: கொட்டை விழும் நேரம் சித்திரை மழையில் அகப்படும். ஈர மண்ணில் இரண்டு மூன்று நாள் கிடந்த கொட்டை கறை பிடிக்கும், பருப்பின் நிறம் போகும். தையில் பூத்து, சித்திரைக்கு முன் பெரும்பகுதி விழுந்து முடிகிற இனமே எங்கள் தெரிவு. பக்கத்துக் காணியில் அதே இனம் நின்றால் தை மாதம் ஒருமுறை நேரில் போய்ப் பாருங்கள். கொத்தில் ஆண்பூவே மலிந்து, காய் பிடிக்கக்கூடிய இருபாற்பூ குறைவாக இருந்தால், பூவைக் கண்டு மகிழ ஒன்றுமில்லை.

ஒரே இனத்தை மட்டும் நடவும் வேண்டாம். மூன்று அல்லது நான்கு இனம், கொட்டைப் பருமன் நெருங்கியவை, ஒவ்வொன்றும் தனி வரிசைகளில். மரத்துக்கு மரம் மாற்றி நட்டால் பொறுக்குபவர் பிரிக்கவே முடியாது. 7.5 மீற்றர் இடைவெளியில் ஏக்கருக்கு ஏறத்தாழ 72 கன்று. மணற்பாங்கான காணி பரவாயில்லை, நீர் தேங்கும் பள்ளம் எந்த இனத்துக்கும் ஆகாது. மரத்தைக் குடையும் தண்டு துளைப்பான் புழுவுக்கும் இனத்தால் தீர்வு இல்லை. அடிமரத்தில் பிசினும் மரத்தூளும் தெரிகிறதா என்று பார்ப்பதே வழி.

நடுவது ஐப்பசி, கார்த்திகை மழையோடு. ஒட்டு மண்ணுக்கு மேலே ஐந்து சென்றிமீற்றராவது நிற்கட்டும், ஒட்டுக்குக் கட்டிய பொலித்தீன் நாடாவை மறக்காமல் அவிழ்த்துவிடுங்கள். அதை விட்டால் தண்டு பருக்கும்போது அந்த இடத்தில் நெரிந்து, காற்றில் முறியும். ஒட்டுக்குக் கீழே துளிர்ப்பதை உடனுக்குடன் கிள்ளுங்கள். கிள்ளாவிட்டால் காசு கொடுத்து வாங்கிய இனம் காய்ந்துபோய், கீழ்மரத்து விதைக்கன்றுதான் வளர்ந்து நிற்கும். முதல் இரண்டு வருடப் பூவையும் கிள்ளிவிட வேண்டும்.