அம்மாக்கு 0.7, குஞ்சம்மாக்கு 0.5

போன மாசம் அம்மாக்குக் கண்ணாடி மாத்தவெண்டு யாழ்ப்பாணம் ரவுனுக்குக் கூட்டிக்கொண்டு போனனான், செக் பண்ணின இடத்தில கப் 0.7, கிளோக்கோமாவாத்தான் (கண் நரம்பு பழுதாகிப் பார்வை போற வருத்தம்) இருக்கும் எண்டு ஒரு துண்டில எழுதித் தந்திட்டினம், வேற விளக்கம் ஒண்டும் இல்லை. அண்டைக்கு இரவு அம்மா ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு சாமிப்படத்தையே பார்த்துக்கொண்டு இருந்தவா, தெரியுது தெரியுது எண்டு தனக்குள்ளயே சொல்லிக்கொண்டு. எனக்கு நெஞ்சு அடைச்சுப்போச்சு.

பிறகு கண் டொக்டரிட்டப் போனம். கண்மணி விரியிற மருந்து விட்டு வடிவாப் பார்த்திட்டு அவர் முதல் சொன்னதே டிஸ்க் பெரிசு எண்டுதான். கண்ணுக்குப் பின்னால நரம்பு நார் எல்லாம் ஒண்டாச் சேர்ந்து மூளைக்கு வெளிக்கிடுற வட்டம்தான் டிஸ்க், கிட்டத்தட்ட பத்து லட்சம் நார் அதுக்குள்ளால போகுது, நடுவில இருக்கிற பள்ளம் கப். பள்ளத்தின்ர அகலம் வட்டத்தின்ர அகலத்தில எத்தினை பங்கு எண்ட கணக்குத்தான் அந்த 0.7. ஆனா வட்டத்தின்ர சைஸ் ஆளுக்காள் வித்தியாசமெல்லோ, பெரிய வட்டமெண்டா நார் முழுக்க ஓரத்தில நிண்டாலும் நடுவில இடம் மிஞ்சும். அதே அளவு மாவை எடுத்து உழுந்து வடையைப் பெரிசாத் தட்டினா ஓட்டையும் பெரிசாத்தான் வரும், அதுக்காக மா குறைஞ்சுபோச்செண்டு சொல்லேலுமோ? அம்மாக்கு ஓரம் சுத்திவரத் தடிப்பா இருக்கு, கண் பிரஷர் 14, சுத்திவர எவ்வளவு தெரியுது எண்டு பார்க்கிற ஃபீல்ட் டெஸ்டும் நோர்மல். வருசத்துக்கு ஒருக்கா வந்து காட்டச் சொன்னார்.

நான் இதை எழுதுறதே குஞ்சம்மாக்காகத்தான். அம்மாவின்ர தங்கச்சி அவ, சும்மா துணைக்கு வந்தவா, எனக்கு 0.5 தானே, நோர்மல் எண்டு முந்தியே சொல்லிட்டினம் எண்டு இருந்தவா. வந்ததுக்குக் காட்டுவமெண்டு பார்த்தா அவவின்ர டிஸ்க் சின்னன். சின்ன வட்டத்தில பள்ளம் இருக்கிறதே குறைவு, அதில 0.5 எண்டா சந்தேகப்படவேணுமாம். கீழ்ப்பக்க ஓரம் மெலிஞ்சிருந்தது, ஃபீல்ட் டெஸ்டில மேல்பக்கம் ஒரு கறுப்புத் திட்டு, நோவும் இல்லை மங்கலும் இல்லை, பிரஷர்கூட 18 தான். 21க்குக் கீழ எண்டா பயமில்லை எண்டு இருந்திடாதேங்கோ, அப்பிடியும் கிளோக்கோமா வரும். போன பார்வை திரும்பாது, மிச்சத்தைக் காப்பாத்தத்தான் சொட்டு மருந்து.

அதால தயவுசெய்து உங்கட அம்மா அப்பான்ர துண்டில கப் எவ்வளவு எண்டு மட்டும் எழுதியிருந்தா, டிஸ்க் பெரிசோ சின்னனோ எண்டு வாய்விட்டுக் கேளுங்கோ. கூடப்பிறந்த ஆக்களுக்கு இருந்தா எங்களுக்கும் வாற சான்ஸ் கூட எண்டபடியா, அம்மாவின்ர வருசம் ஒருக்காவும் இப்ப ஆறு மாசமாப் போச்சு.

இரவு ஒன்பது மணிக்கு அம்மா தவறாமக் குஞ்சம்மாக்குக் கோல் எடுக்கிறா, மருந்து விட்டிட்டியோ எண்டு கேக்க.