கரடி உட்கார்ந்த செப்புத் தகடு

அச்சுப்படங்களைப் பட்டியலிடுவது என் வேலை. லண்டனில் ஓர் அருங்காட்சியகத்தில், பழைய செப்புத் தகட்டு அச்சுகள் இருக்கும் பிரிவில். படத்தில் என்ன இருக்கிறது, யார் செதுக்கியது, எந்த ஆண்டு, என்ன அளவு, ஓரத்தில் என்ன எழுதியிருக்கிறது, எல்லாவற்றையும் கணினியில் ஏற்ற வேண்டும். பேனாவுக்கு அனுமதி இல்லை, பென்சில்தான். வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டு வேலை செய்வோம் என்று ஊரில் பலர் நினைக்கிறார்கள். கழுவித் துடைத்த வெறும் கைதான் காகிதத்துக்கு நல்லது. கையுறையோடு புரட்டினால் ஓரம் கிழியும்.

பதினெட்டாம் நூற்றாண்டுக் கேலிப்படங்கள் வந்தால் ஒரு கட்டத்தில் கை நிற்கும். படம் எதைப் பற்றியது என்று குறிக்கும் 'பொருள்' கட்டம் அது. அரசியலா, கலையா? லண்டன் ஓவியரும் செதுக்குக் கலைஞருமான வில்லியம் ஹோகார்த்தைத் தாக்கிய படங்களில் இந்தக் கேள்விக்குச் சுலபமான பதிலே கிடையாது.

1753இல் ஹோகார்த் 'அழகின் பகுப்பாய்வு' என்று ஒரு நூல் எழுதினார். பாம்புபோல் நெளியும் கோட்டில்தான் அழகு இருக்கிறது என்பது அவர் வாதம். படம் வரைகிறவன் தத்துவம் எழுதினால் சும்மா விடுவார்களா? பால் சாண்ட்பி என்ற இளைஞர், இருபதைக் கொஞ்சம் தாண்டியவர், பெயர் போடாமல் வரிசையாகக் கேலிப்படங்களை வெளியிட்டார். ஹோகார்த் தன் பக் நாயோடு (சப்பை மூக்குக் குட்டை நாய்) தன்னை வரைந்துகொண்டவர் என்பதால், அவரையே பக் நாயாக்கினார்கள். ஒரு படத்தில் அவர் மூன்று அவலட்சணமான பெண்களை அழகு தேவதைகளாக எண்ணி வரைந்துகொண்டிருக்கிறார். கோபத்துக்குக் காரணம் நெளிகோடு மட்டுமில்லை. பிரான்சில் இருப்பதுபோல் ஒரு கலைக்கழகம் வேண்டும் என்று சாண்ட்பியைச் சேர்ந்த ஓவியர் கூட்டம் பாடுபட்டது. மேலே பேராசிரியர்கள், கீழே மற்றவர்கள் என்று அடுக்கு வைக்கும் ஏற்பாடு வேண்டவே வேண்டாம் என்று ஹோகார்த் குறுக்கே நின்றார். அதாவது தொழில் அரசியல். அலுவலகத்தில் வேலை பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது.

சாண்ட்பியின் படங்களைத் தனியாகப் பட்டியலிட முடியாது என்பது போகப்போகத் தெரிந்தது. ஹோகார்த்தின் பெட்டியும் மேசையில் திறந்து கிடக்க வேண்டும். எந்த மூலையில் எந்த உருவம் ஹோகார்த்தின் எந்தப் படத்திலிருந்து எடுத்துத் திரித்தது என்று ஒப்பிட்டுக்கொண்டே போக வேண்டும். அவ்வளவு ஆழமாக அவரைப் படித்திருக்கிறார் சாண்ட்பி. ஹோகார்த்தின் ரசிகர்களில்கூட அவர் கோடுகளை இத்தனை கூர்ந்து பார்த்தவர்கள் குறைவாகத்தான் இருந்திருப்பார்கள் என்பது என் எண்ணம்.

அடுத்த சுற்று 1762இல். இதற்குள் ஹோகார்த் அரசரின் ஓவியர் என்ற பதவியில் இருக்கிறார். பிரதமர் பியூட் பிரபு ஏழாண்டுப் போரை முடித்துச் சமாதானம் செய்ய முயன்றபோது, அவருக்கு ஆதரவாக ஹோகார்த் ஒரு படம் வெளியிட்டார்: உலகம் தீப்பற்றி எரிகிறது, பியூட் தண்ணீர் பீய்ச்சுகிறார், போரை ஆதரித்த முன்னாள் அமைச்சர் வில்லியம் பிட் துருத்தியால் ஊதிவிடுகிறார். பழைய நண்பரும் நாடாளுமன்ற உறுப்பினருமான ஜான் வில்க்ஸ், வேண்டாம் என்று முன்பே எச்சரித்திருந்தார். கேட்கவில்லை. செப்டம்பர் 25ஆம் தேதி, தான் நடத்திய 'நார்த் பிரிட்டன்' பத்திரிகையின் 17ஆம் இதழில் வில்க்ஸ் அவரைக் கிழித்துத் தோரணம் கட்டினார். கேலிப்படக்காரர்களும் திரும்ப வந்தார்கள். பியூட் என்ற பெயர் 'பூட்' போல ஒலிப்பதால் அவருக்குப் பெரிய பூட்ஸ் ஒன்றை அடையாளமாக வைத்திருந்த காலம். சாண்ட்பியுடையது என்று சொல்லப்படும் ஒரு படத்தில், ஹோகார்த் சாரம் கட்டி ஏறி, ஆளுயரத்துக்கும் மேலான பூட்ஸுக்குச் சுண்ணாம்பு அடிக்கிறார். இதே மாதிரி கவிஞர் போப் ஒரு வாயிலுக்கு வெள்ளையடிக்கும் படம் 1731இல் வந்தது; அது ஹோகார்த் செய்தது என்றுதான் வெகுகாலம் நம்பினார்கள். அவருடையதாகக் கருதப்பட்ட கேலியையே எடுத்து அவர் மேல் வீசியிருக்கிறார்கள். இதைக் 'கலை' என்று போடுவதா, 'அரசியல்' என்று போடுவதா?

ஹோகார்த் வாயைத் திறக்கவில்லை, தகட்டில் செதுக்கும் ஊசியை எடுத்தார். அரசரின் உரையைத் தாக்கிய 45ஆம் இதழுக்காக வில்க்ஸ் கைதாகி நீதிமன்றத்துக்கு வந்தபோது அங்கேயே அவரைப் பார்த்து வரைந்துகொண்டார். 1763 மே 16இல் படம் வெளியானது, விலை 1 ஷில்லிங். மாறுகண், கொம்புபோல் புடைத்த பொய்முடி, கையில் கோல், அதன் நுனியில் சுதந்திரக் குல்லாய். இத்தனைக்கும் முகத்தைப் பெரிதாகத் திரிக்கவில்லை. இருந்த மாறுகண்ணைத் தள்ளிவிடாமல் நேராகக் காட்டினார், அவ்வளவுதான். நாள் ஆக ஆக அந்தப் படம்போலவே ஆகிவருகிறேன் என்று வில்க்ஸ் பிற்காலத்தில் வேடிக்கையாகச் சொன்னதாக ஒரு செய்தி உண்டு.

வில்க்ஸின் நண்பர் சார்லஸ் சர்ச்சில் (பிரதமர் சர்ச்சில் இல்லை, இவர் பாதிரியாராக இருந்து கவிஞரானவர்) நீண்ட கவிதை ஒன்றில் ஹோகார்த்தைக் கிழவர், பொறாமைக்காரர் என்று வறுத்தெடுத்தார். அதற்கு வந்த பதில்தான் என் மேசையில் எப்போது வந்தாலும் நேரத்தைத் தின்றுவிடும் படம். ஹோகார்த் புதுத் தகடு வாங்கவில்லை. 1749இல் தன் உருவத்தைச் செதுக்கி வைத்திருந்த பழைய தகட்டை எடுத்து, தன் முகத்தைச் சுரண்டித் தேய்த்துவிட்டார். முகம் இருந்த முட்டை வடிவச் சட்டத்துக்குள் ஒரு கரடி: கழுத்தில் கிழிந்த பாதிரியார் பட்டை, ஒரு கையில் பீர்க் குவளை, மறுகையில் முண்டும் முடிச்சுமாய் ஒரு தடி. ஒவ்வொரு முடிச்சிலும் 'பொய்' என்று எழுத்து. முன்னால் இருந்த பக் நாய் மட்டும் அப்படியே இருக்கிறது; இப்போது சர்ச்சிலின் கவிதைப் பிரதி மேல் சிறுநீர் கழிக்கிறது. இதை நடுநிலையான பட்டியல் மொழியில் எழுதிப் பாருங்கள், சிரிப்பு வராமல் இருக்காது.

படம் அதோடும் நிற்கவில்லை. அதே தகட்டில் பிற்பாடு ஒரு சின்னக் காட்சியைச் சேர்த்தார்: ஹோகார்த் சாட்டையோடு நிற்க, கரடியும் குரங்கும் ஆடுகின்றன. குரங்கு வில்க்ஸ். தகட்டின் இப்படிப்பட்ட ஒவ்வொரு மாற்றத்தையும் நாங்கள் 'ஸ்டேட்' என்போம். கையில் இருப்பது எந்த ஸ்டேட் என்று கண்டுபிடிப்பதில்தான் பாதி உழைப்பு போகிறது. ஒரு மனிதரின் ஆத்திரம் மாதக் கணக்கில் எப்படி வளர்ந்தது என்று தகடே சொல்லிவிடுகிறது. தன் முகத்தை அழித்தாவது எதிரியின் முகத்தைப் போட வேண்டும் என்ற அளவுக்கு அது போயிருந்தது. எனக்கு அது வெற்றியாகத் தெரியவில்லை. கேலி என்று பார்த்தால் சாண்ட்பியின் படங்களே மேல். அவற்றில் வெறுப்பைவிடக் குறும்பு அதிகம்.

பொருள் கட்டத்தில் நான் இரண்டையும் போடுகிறேன், கலை, அரசியல். மூத்த சக ஊழியர் ஒருவருக்கு இது பிடிக்காது. தேடுகிறவர்களுக்குக் குழப்பம் என்பார். சரிதான், ஆனால் குழப்பம் படத்திலேயே இருக்கிறது.

ஹோகார்த் 1764 அக்டோபர் கடைசியில் இறந்தார், சர்ச்சில் நவம்பர் 4ஆம் தேதி பிரான்சில். நான்கு ஆண்டு கழித்து ராயல் அகாடமி என்ற கலைக்கழகம் தொடங்கியது. நிறுவன உறுப்பினர்களில் சாண்ட்பியும் ஒருவர். வில்க்ஸ் 1774இல் லண்டன் மேயரானார். தகடுகள் ஹோகார்த்தின் மனைவி ஜேனிடம் போய்ச் சேர்ந்தன. நாடாளுமன்றச் சட்டம் அவருக்கு இருபது ஆண்டு தனி உரிமை கொடுத்தது. படங்களை அச்சிட்டு விற்றே குடும்பத்தை ஓட்டினார். ஆகவே கரடிப் படம் ஒன்று வந்தால், இது கணவர் காலத்து அச்சா, மனைவி காலத்து அச்சா என்று முதலில் பார்ப்பேன். காகிதத்தின் நீர்க்குறி உதவும். கோடுகள் தேய்ந்து சாம்பல் பூத்திருந்தால் பெரும்பாலும் பிற்காலத்தது.