பச்சை உருண்டைகள்

புழுமருந்து தெளித்த மறுநாள் காலை முட்டைக்கோசுப் பாத்தி முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து செத்த புழுக்களைத் தேடினேன். ஒன்றுகூட இல்லை. எல்லாம் இலையடியில் சுகமாக ஒட்டிக்கொண்டிருந்தன. நன்றாக ஏமாந்தேன் என்று முணுமுணுத்தபடி, மீதிப் பொட்டலத்தை மூலையில் வீசினேன்.

அதில் இருந்தது பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் என்ற பாக்டீரியா, சுருக்கமாக பி.டி. என் கையோ பல ஆண்டுகள் ரசாயனம் தெளித்துப் பழகியது. தெளித்தால் கண்ணெதிரே புழு துடித்து விழ வேண்டும், அதுதான் எனக்கு மருந்து.

இரண்டாம் நாள்தான் உறைத்தது. குருத்து இலைகளின் நடுவே தினமும் காலையில் குவிந்து கிடக்கும் பச்சை உருண்டைகளைக் காணவில்லை. புழுவின் எச்சம்தான் அது. முந்தைய நாள் கழுவிவிட்ட இலை கழுவியபடியே இருந்தது. தின்றால்தானே எச்சம்! புழுவுக்கு உயிர் இருந்தது, பசி இல்லை.

இந்தப் பாக்டீரியா வித்து உண்டாக்கும்போது கூடவே ஒரு புரதப் படிகத்தையும் உருவாக்குகிறது. இலைப்புழுவின் குடல் கடும் காரத்தன்மை கொண்டது. அங்கே படிகம் கரைகிறது, குடல் நொதிகள் அதை வெட்டி நஞ்சாக்குகின்றன, நஞ்சு குடல் சுவரில் துளை போடுகிறது. சில மணி நேரத்தில் தீனி நின்றுவிடும். சாவு வர இரண்டு மூன்று நாளாகும். மூன்றாம் நாள் கறுத்துத் துவண்டு கிடந்தவற்றை எண்ணினேன், பதினேழு. பெரிய புழுக்கள் சில தப்பிவிட்டன. அவை குஞ்சாக இருந்தபோதே தெளித்திருக்க வேண்டும். அதுவும் மாலையில்; நான் உச்சி வெயிலில் தெளித்தேன், புற ஊதாக் கதிர் பட்டால் பி.டி. சீக்கிரம் செயலிழந்துவிடும்.

வெற்றி தலைக்கேறியது. அதே கரைசலை அசுவினிப் பூச்சி மொய்த்த செடிகள் மீதும் அடித்தேன். ஒரு வாரம் வீண். அசுவினி இலையைக் கடிப்பதில்லை, ஊசி வாயைச் செருகி உள்ளேயிருக்கும் சாற்றை உறிஞ்சுகிறது. இலைமேல் நான் பூசியதை அது ருசிகூடப் பார்த்திருக்காது.

அதற்குப் பொருத்தம் பூஞ்சை. பிவேரியா பேசியானா என்ற பூஞ்சையைப் பூச்சி விழுங்க வேண்டியதில்லை. வித்து மேல்தோலில் ஒட்டி முளைத்து, தோலைத் துளைத்துக்கொண்டு உள்ளே போகிறது. காற்றில் ஈரப்பதம் மட்டும் இருக்க வேண்டும். பூஞ்சைக்கொல்லியோடு கலக்கவும் கூடாது (கலக்கப் போனேன், பெயரைப் படித்ததும் கையை இழுத்துக்கொண்டேன்).

வேடிக்கை என்னவென்றால், இரண்டுமே பட்டுப்புழுவைக் கொன்று அம்பலமானவை. பட்டுப்புழு வெள்ளை பூத்துச் சாவதற்கு இந்தப் பூஞ்சையே காரணம் என்று 1835இல் காட்டினார் இத்தாலியரான அகோஸ்டினோ பாசி. 1901இல் ஜப்பானின் இஷிவாட்டா செத்த பட்டுப்புழுவிலிருந்துதான் பி.டி.யைப் பிரித்தெடுத்தார். ஆகவே யாராவது "முற்றிலும் பாதுகாப்பானது" என்றால், யாருக்கு என்று கேட்பேன். பட்டு வளர்ப்பவர் பக்கத்தில் இருந்தால் இரண்டையும் எடுக்க மாட்டேன்.

வாராவாரம் பி.டி. அடிப்பதையும் விட்டுவிட்டேன். முட்டைக்கோசைத் தின்னும் வைரமுதுகு அந்துப்பூச்சி வயல்களிலேயே அதற்கு எதிர்ப்புச் சக்தி வளர்த்துக்கொண்ட கில்லாடி. எச்சம் கூடினால் மட்டுமே தெளிக்கிறேன்.

நேற்று மாலை மேகம் கவிந்திருந்தது. பிவேரியாவைக் கரைத்து, இலையடி நனைய அசுவினிமேல் தெளித்தேன். இன்று காலை எல்லாம் உயிரோடுதான் நகர்ந்துகொண்டிருந்தன. உருப்பெருக்கிக் கண்ணாடியை உறையிலேயே வைத்துவிட்டேன். வெள்ளைப் பூப்பு தெரிய இன்னும் சில நாளாகும்.