மீட்டரோடு போகும் கடன்

கூரைக்கு அடியில் வெப்பக் காப்பு போட்டு, சுவர் இடுக்குகளை அடைத்து, பழைய சூடேற்றியை எடுத்துவிட்டு, வெளிக்காற்றின் வெப்பத்தை வீட்டுக்குள் கடத்தும் ஹீட் பம்ப் பொருத்தினால் ஒரு வீட்டின் எரிசக்திச் செலவு குறையும் என்பதை இப்போது யாரும் பெரிதாக மறுப்பதில்லை. ஆனாலும் பெரும்பாலான வீடுகளில் அந்த வேலை நடப்பதில்லை. செலவு முழுவதும் முதல் நாளிலேயே கையை விட்டுப் போகிறது. சேமிப்போ மாதாமாதம் சிறுகச் சிறுக, பதினைந்து இருபது ஆண்டுகளுக்கு வந்துகொண்டிருக்கிறது. வங்கியில் பிணையில்லாத் தனிநபர் கடன் வாங்கினால் ஐந்தாறு ஆண்டுகளில் அடைத்தாக வேண்டும் என்பதால், மாதத் தவணை மாதச் சேமிப்பை விஞ்சிவிடுகிறது. அதற்குள் வீட்டை விற்க நேர்ந்தால் பயன் வாங்கியவருக்கும் கடன் விற்றவருக்கும் என்று ஆகிவிடுகிறது. வாடகை வீட்டிலோ சுவர் ஒருவருடையது, மின்கட்டணம் இன்னொருவருடையது என்பதால் இருவருக்குமே செலவழிக்கக் காரணம் இருப்பதில்லை.

இந்த முடிச்சை அவிழ்க்க மின் விநியோக நிறுவனமும் நகராட்சியும் கைகோக்க வேண்டும் என்பது பல ஆண்டுகளாக இத்துறையைக் கவனித்து வரும் என் உறுதியான கருத்து. மின் நிறுவனத்திடம் ஒவ்வொரு வீட்டின் பல ஆண்டு நுகர்வுக் கணக்கும், மக்கள் தவறாமல் கட்டும் ஒரு ரசீதும் இருக்கின்றன. நகராட்சியால் குறைந்த வட்டியில் நீண்ட காலத்துக்குப் பணம் திரட்ட முடியும். சொத்து வரி வசூலிக்கும் அதிகாரமும் அதனிடம் இருக்கிறது. வீட்டு வாசலில் வந்து நிற்கும் ஒப்பந்ததாரரை நம்பலாமா என்று தயங்குகிறவருக்கு உறுதி சொல்லக்கூடிய பொது முகமும் அதற்கு உண்டு.

2009இல் அமெரிக்காவின் போர்ட்லேண்ட் நகரம் ஏறத்தாழ 500 வீடுகளை இலக்காக வைத்துத் தொடங்கிய முன்னோட்டத் திட்டம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. மாநகராட்சியும், ஒரிகன் மாநிலத்தின் எரிசக்திச் சேமிப்பு அறக்கட்டளையும், இலாப நோக்கற்ற ஒரு கடன் நிறுவனமும், மின்சார, எரிவாயு நிறுவனங்களும் அதில் சேர்ந்தன. கடன் கொடுத்தது ஒருவர், தவணை வந்தது எரிசக்தி ரசீதில், வேலைக்கு அமர்த்தப்படும் தொழிலாளர்களின் ஊதியத்துக்கும் உள்ளூர் மக்களுக்கான வாய்ப்புக்கும் தனி ஒப்பந்தம் ஒன்று போடப்பட்டது. வீட்டுக்காரர் நாலு அலுவலகங்களுக்கு அலையாமல், அவருக்குத் துணையாக ஓர் எரிசக்தி ஆலோசகர் தொடக்கம் முதல் முடிவு வரை உடனிருந்தார். வட்டி விகிதத்தைப் பற்றி மட்டுமே பேசுகிறவர்கள் இந்தக் கடைசி ஏற்பாட்டை எளிதில் மறந்துவிடுகிறார்கள்.

ரசீதில் தவணையைச் சேர்த்தால் மட்டும் போதும் என்று நினைத்தால் என்ன ஆகும் என்பதற்குப் பிரிட்டன் சான்று. 2013 ஜனவரியில் அங்கே தொடங்கிய ‘கிரீன் டீல்’ திட்டத்திலும் தவணை மின்கட்டண ரசீதிலேயே வந்தது. மதிப்பிடப்பட்ட சேமிப்பைத் தவணை மிஞ்சக் கூடாது என்ற பொன்விதியும் இருந்தது. ஆனால் வட்டி 7 சதவீதத்துக்குக் குறையவில்லை, நடைமுறை சிக்கலாக இருந்தது. 2015இல் அரசு நிதியை நிறுத்தியபோது கடன் வாங்கியிருந்த வீடுகள் சுமார் 14,000 மட்டுமே. அரசு செலவிட்டதோ 24 கோடி பவுண்டு. அதில் பாதி வட்டிக்கு நீண்ட காலக் கடன் தரக்கூடிய பொது அமைப்புகள் அந்தச் சங்கிலியில் முக்கிய இடத்தில் இருந்திருந்தால் கதை வேறாக இருந்திருக்கும் என்றே நான் கருதுகிறேன்.

சொத்து வரி வழியாக வசூலிக்கும் முறைக்கு வேறொரு சிக்கல். 2008இல் கலிஃபோர்னியாவின் பெர்க்லி நகரம் வீட்டுக் கூரைச் சூரிய ஒளித் தகடுகளுக்குப் பணம் கொடுத்து, அதை 20 ஆண்டுகளில் சொத்து வரியோடு திரும்பப் பெறும் முறையை முன்னோட்டமாக நடத்தியது. வீடு கைமாறினால் பாக்கியும் வீட்டோடு போகும் என்பது அதன் அழகு. ஆனால் வரி பாக்கிக்காக வீட்டின் மீதுள்ள உரிமையான பாத்தியதை, வீட்டுக் கடன் கொடுத்த வங்கியின் பாத்தியதைக்கு முன்னால் வந்து நிற்கும். 2010 ஜூலையில், வங்கிகளிடமிருந்து வீட்டுக் கடன்களை வாங்கிக்கொள்ளும் ஃபேனி மே, ஃப்ரெடி மேக் நிறுவனங்களைக் கண்காணிக்கும் கூட்டரசு அமைப்பு இதை ஏற்க மறுத்ததும் பல ஊர்களில் திட்டங்கள் முடங்கின. பின்னர் கலிஃபோர்னியாவில் தனியார் நிறுவனங்கள் வழியாக இம்முறை மீண்டும் பெருகியபோது, வீடு வீடாக வந்த விற்பனையாளர்கள் வருமானம் குறைந்த முதியவர்களிடம்கூடக் கையெழுத்து வாங்கினார்கள். கட்ட முடியாமல் வீடு பறிபோகும் நிலைக்குச் சிலர் தள்ளப்பட்டார்கள். திருப்பிக் கட்டும் சக்தியைச் சரிபார்க்க வேண்டும் என்ற சட்டம் 2017இல்தான் வந்தது. 2020இல் லாஸ் ஏஞ்சலஸ் கவுன்டி தன் திட்டத்தையே நிறுத்திக்கொண்டது. நகராட்சி தன் பெயரையும் வரி அதிகாரத்தையும் கொடுத்துவிட்டு மேற்பார்வையைக் கைவிட்டதுதான் இங்கே நடந்த தவறு. இதற்கு மாறாக, 2014இல் தொடங்கிய டொரான்டோ நகரின் திட்டத்தில், வீட்டுக் கடன் கொடுத்த வங்கியின் ஒப்புதல் முதலிலேயே கேட்கப்படுகிறது. அது வேகத்தைக் குறைக்கும். ஆனாலும் அந்தத் தாமதம் ஏற்கத்தக்கது என்பேன்.

இவை எல்லாவற்றிலும் எனக்கு மிகவும் நியாயமாகப் படுவது, 1999இல் அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் வடிவமைக்கப்பட்ட ‘பே ஆஸ் யூ சேவ்’ (சேமிக்கச் சேமிக்கக் கட்டு) முறைதான். இதில் கடனே இல்லை. மின் நிறுவனம் தன் பணத்தில் வீட்டைச் சீரமைத்து, அந்த மீட்டருக்கு மட்டும் ஒரு கூடுதல் கட்டணத்தை விதிக்கிறது. மதிப்பிடப்பட்ட சேமிப்பில் 80 சதவீதத்தைத் தாண்டாமல் அந்தக் கட்டணம் வைக்கப்படுவது வழக்கம். ஆண்டுக்கு 1,000 மிச்சமாகும் என்றால் 800 வரை கட்டணம், எஞ்சிய 200 முதல் ஆண்டிலிருந்தே குடியிருப்பவருக்கு. அவர் வீட்டைக் காலி செய்தால் கட்டணமும் அவரை விட்டுப் போகிறது. அடுத்து வருகிறவர் அதே கூரையின் பயனை அனுபவித்துக்கொண்டு கட்டுகிறார். கடன் வரலாறு பார்க்கப்படுவதில்லை என்பதால் வாடகைதாரரும் வருமானம் குறைந்தவரும் உள்ளே வர முடிகிறது. ஆர்கன்சாவில் ஒரு மின் கூட்டுறவுச் சங்கம் 2016இல் இதைத் தொடங்கியது. கன்சாஸில் இதே வகைத் திட்டம் 2007 முதலே நடக்கிறது.

ஆனால் அந்த 80 சதவீதம் எதன் 80 சதவீதம்? எல்லாம் அந்த மதிப்பீட்டில்தான் இருக்கிறது. மிச்சிகனில் ஏழைக் குடும்பங்களின் வீடுகளில் நடந்த சீரமைப்பைப் பற்றி 2018இல் வெளிவந்த ஓர் ஆய்வு, கணினி மாதிரி சொன்ன சேமிப்பு உண்மையில் கிடைத்ததைப் போல மூன்று மடங்குக்கும் அதிகம் என்று கண்டது. அதனால் மாதிரியை மட்டும் நம்பாமல், வீட்டின் உண்மையான நுகர்வுக் கணக்கோடு அதைப் பொருத்திப் பார்க்க வேண்டும். அந்தக் கணக்கு மின் நிறுவனத்திடம் ஏற்கெனவே இருக்கிறது. வீட்டையும் நேரில் சோதிக்க வேண்டும். வாசற்கதவுச் சட்டத்தில் துணி போர்த்திய விசிறியைப் பொருத்தி, உள்ளே காற்றழுத்தத்தை வெளியைவிட 50 பாஸ்கல் (அழுத்த அலகு) குறைத்தால், பிளக் பலகையின் ஓரத்திலும் பரணுக்கு ஏறும் மூடியைச் சுற்றியும் காற்று சீறி வருவதைப் புறங்கையிலேயே உணரலாம். புகைக் குச்சியைப் பிடித்தால் புகை வளைந்து ஓடும் இடம் கண்ணுக்கே தெரியும். வேலைக்கு முன்னும் பின்னும் இந்தச் சோதனையைச் செய்து இரண்டு எண்களையும் வீட்டுக்காரரிடம் எழுதிக் கொடுத்த பிறகே ஒப்பந்ததாரருக்குப் பணம் போக வேண்டும்.

அப்படியும் சேமிப்பு வராமல் போனால் இழப்பு யாருடையது என்ற கேள்வியைப் பெரும்பாலான திட்ட அறிக்கைகள் தொடுவதே இல்லை. நகராட்சி ஒதுக்கும் இழப்பீட்டு நிதி வழக்கமாகக் கடன் கொடுத்தவரையே காக்கிறது. தவணை நின்றால் வங்கிக்கு ஈடு கிடைக்கும், சேமிப்பு நின்றால் குடும்பத்துக்கு ஒன்றும் கிடைக்காது. அந்த நிதியில் ஒரு பங்கைக் குடும்பத்தின் பக்கம் திருப்பலாம். மீட்டர் வழி முறையில், பொருத்திய கருவி பழுதானால் அது சரிசெய்யப்படும் வரை கட்டணம் நிறுத்தி வைக்கப்படும் என்ற விதி ஏற்கெனவே உண்டு. ஓராண்டு நுகர்வைத் தட்பவெப்பத்துக்கு ஏற்பத் திருத்திப் பார்த்து, சேமிப்பு மதிப்பீட்டுக்கு வெகுவாகக் கீழே இருந்தால் கட்டணத்தைத் தானாகவே குறைப்பது அதன் அடுத்த படி. இந்தக் கட்டணம் நிலுவையில் நின்றால் மின் இணைப்பைத் துண்டிக்கலாமா என்பதையும் நகராட்சி கையெழுத்துப் போடுவதற்கு முன்பே தீர்க்க வேண்டும். என்னைக் கேட்டால், சேமிப்பு வந்ததை அளந்து காட்டாத வரை அந்த நிலுவைக்காக ஒரு வீட்டின் மின்சாரத்தையும் துண்டிக்கும் உரிமை நிறுவனத்துக்கு இருக்கக் கூடாது.