எஃப்.எம்.ஜி.இ. தயாரிப்பில் சமூக மருத்துவம்

வெளிநாட்டில் மருத்துவம் முடித்துவிட்டு இந்தியாவில் மருத்துவராகப் பணியாற்றுவதற்கான எஃப்.எம்.ஜி.இ. தகுதித் தேர்வுக்குத் தயாராகும் நண்பர்களுக்கு ஒரு யோசனை. 300 வினாக்களில் 150 சரியாக இருந்தால் தேர்ச்சி என்பதாலும், தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பு இல்லை என்பதாலும், சிலர் இந்தத் தேர்வைக் குறைத்து எடைபோடுகிறார்கள். ஆனால் 30 வினாக்கள் வரும் சமூக மருத்துவத்தில் கேட்கப்படும் இந்தியத் தடுப்பூசி அட்டவணை, காசநோய் ஒழிப்புத் திட்டம், ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கான மக்கள்தொகை அளவுகோல் போன்றவை நாம் படித்த நாட்டின் பாடத்திட்டத்தில் பெரும்பாலும் இருந்திருக்காது. பழைய நினைவை நம்பி இவற்றுக்கு விடையளிக்க முடியாது. அறுவைசிகிச்சையை ஆர்வத்தோடு படிப்பவர்கள்கூட இதைக் கடைசி வாரத்துக்குத் தள்ளுவது ஏனென்று எனக்கு விளங்கவில்லை (சலிப்பான பாடம்தான், மறுக்கவில்லை). நான் இதை முதலில் முடித்துவிட்டு, பொது மருத்துவம், மகப்பேறு என நகர்கிறேன். உடற்கூறியலில் 17 வினாக்களே என்பதால், அடிக்கடி கேட்கப்படும் பகுதிகளை மட்டும் பார்க்கிறேன்.