என்விடிஏயிலிருந்து ஓர்காவுக்கு

விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 ஒக்டோபர் 14 உடன் முடிந்ததால், கிளிநொச்சி, மாங்குளம் பக்கம் பழைய லப்டொப் வைத்திருக்கிற பார்வையற்ற ஆக்கள் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளம் பற்றி யோசிக்கலாம். விண்டோஸில் திரையில் உள்ளதை வாசித்துச் சொல்லும் திரைவாசிப்பான் என்விடிஏ என்றால், லினக்ஸில் அந்த வேலையைச் செய்வது ஓர்கா. பழைய விண்டோஸை உடனே அழிக்காதீர்கள். 8 ஜிபி பென் டிரைவில் உபுண்டு என்ற லினக்ஸ் வகையை ஏற்றி, நிறுவாமலே ஓட்டிப் பாருங்கள்.

பென் டிரைவிலிருந்து தொடங்கச் சொல்லும் பயோஸ் திரை பேசாது. அந்த ஒரு நிமிடத்துக்குப் பார்வையுள்ள ஒருவர் பக்கத்தில் வேண்டும். டெஸ்க்டொப் வந்ததும் ஆல்ட், விண்டோஸ் விசை, எஸ் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் ஓர்கா பேசத் தொடங்கும். வயர் ஹெட்செட்டே பாவியுங்கள், புளூடூத் அந்த நேரம் காலை வாரிவிடும்.

என்விடிஏக்குப் பழகிய கை முதலில் தடுமாறுவது அமைப்புகளைத் தேடும்போதுதான். ஓர்காவில் அதற்கு இன்சர்ட்டோடு ஸ்பேஸ். லப்டொப் அமைப்பில் இன்சர்ட்டுக்குப் பதில் கப்ஸ் லொக். தமிழ்க் குரல் என்விடிஏயில் கேட்ட அதே ஈஸ்பீக் என்ற பேச்சு மென்பொருள்தான், கரகரப்பும் அதேதான்.

பெரிய தலையிடி பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துரு. அதில் தட்டிய கடிதம் உள்ளே வெறும் ஆங்கில எழுத்துகள். எழுத்துரு மட்டுமே தமிழாய்க் காட்டுகிறது. திரைவாசிப்பான் எழுத்துருவைப் பார்ப்பதில்லை, எனவே எந்த இயங்குதளத்திலும் உளறும். யூனிகோடுக்கு மாற்றிவிட்டுத்தான் கோப்புகளை நகர்த்துங்கள்.