உதவி ஆசிரியர்

2025 ஜூலை 6, ஞாயிறு

எங்கள் வரலாற்று சார் நேற்று மாலை காலமானார். அவருக்கு வயது 78. இன்று காலை திருவல்லிக்கேணி வீட்டிலிருந்து கிருஷ்ணாம்பேட்டைக்குக் கொண்டு சென்றபோது அவரிடம் படித்தவர்கள் ஒன்பது பேர் உடன் நடந்தோம். மாலையில் அவருடைய மகள் என்னை அழைத்து, "தம்பி, பேப்பருக்குக் கொடுக்க வேண்டிய காரிய அறிவிப்பை நீயே எழுதிக் கொடு. தப்பு வந்தால் அப்பாவுக்குப் பிடிக்காது" என்றார். "சரி, அக்கா" என்று சொல்லி வந்துவிட்டேன். பத்து ஆண்டு நாளிதழ்ப் பணியும் இருபத்தைந்து ஆண்டுப் பள்ளிப் பணியும் ஆறு வரிக்குள் அடங்க வேண்டும்.

2025 ஜூலை 9, புதன்

அக்கா கொடுத்த தகரப் பெட்டியில் பணிப்பதிவேடும் சாரின் நாட்குறிப்புகளும் இருந்தன. எழுத்துச் சீர்திருத்தம் வந்த 1978-க்குப் பிறகும், தமக்கென்று எழுதியவற்றில் 'லை', 'னை' ஆகியவற்றை யானைத் துதிக்கை போன்ற பழைய வளைவோடுதான் அவர் எழுதியிருக்கிறார். கரும்பலகையில் ஒருநாளும் அப்படி எழுதியதில்லை. பிள்ளைகள் குழம்பக் கூடாது என்பதில் அவ்வளவு கவனம்.

நெருக்கடி நிலைக் காலத்தில், அச்சுக்குப் போகும் முன் பக்கங்களைத் தணிக்கைக்குக் கொண்டுபோய்க் காத்திருந்து வாங்கி வருவது அவர் வேலையாக இருந்தது. 1976 பிப்ரவரி 3, அண்ணா நினைவு நாளன்று, நினைவிடத்துக்கு வர இயலாதவர்களின் பட்டியல் என்று முரசொலி வெளியிட்டதை வகுப்பில் அவர் சொன்ன விதம் இன்னும் காதில் நிற்கிறது. பிடித்துச் செல்லப்பட்டவர்கள் யார் யார் என்பதை ஊர் அந்தப் பட்டியலைப் படித்துத் தெரிந்துகொண்டது. "வெறும் பெயர்கள்தான். ஒரு பெயரைக்கூடப் பிழையாகப் போட்டிருக்க முடியாது" என்று சொல்லிவிட்டு, அன்று பாடப் புத்தகத்தைத் திறக்காமலே வகுப்பை முடித்தார்.

பத்திரிகையை ஏன் விட்டார் என்று கேட்டால், இரவுப் பணி முடிந்து வீடு திரும்பும்போது மகள் தூங்குகிறாள், அவள் பள்ளிக்குக் கிளம்பும்போது தாம் தூங்குகிறோம் என்பார். அது மட்டுமே காரணம் என்று எனக்குத் தோன்றவில்லை. அச்சுக்கோப்பவர் ஒருவரின் மகனுக்கு எஸ்.எஸ்.எல்.சி. தேர்வுக்காக இரண்டு மாதம் பாடம் சொல்லிக் கொடுத்ததைப் பற்றி 1979-ஆம் ஆண்டு நாட்குறிப்பில் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார். செய்தி ஆசிரியர் பாராட்டியதற்கு அதே குறிப்பில் ஒரு வரிதான் கிடைத்திருக்கிறது.

2025 ஜூலை 13, ஞாயிறு

2003-இல் நான் ஒன்பதாம் வகுப்பு. ஏரிகள் வறண்டு, சென்னை முழுவதும் லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு நின்ற காலம். அவரவர் தெருவைப் பற்றி ஐந்து வரி எழுதி வரச் சொன்னார். "எங்கள் தெருவில் தண்ணீர் லாரி வருவதே இல்லை, மக்கள் பெரிதும் அவதிப்படுகிறார்கள்" என்று எழுதிக் கொடுத்தேன். சிவப்பு மையால் 'பெரிதும்' என்பதை அடித்து, ஓரத்தில் சுழித்த கோடு ஒன்றைப் போட்டார். நீக்கு என்பதற்கான மெய்ப்புக் குறி அது என்று பிறகு தெரிந்துகொண்டேன். "வருவதே இல்லையா? யார் சொன்னது? நீ நின்று பார்த்தாயா?"

மறுநாள் விடியற்காலை நான்கு மணிக்குப் போய் நின்றேன். லாரி ஐந்தே முக்காலுக்கு வந்தது. வரிசையில் 43 குடங்கள் இருந்தன. கடைசி பதினொன்றுக்குத் தண்ணீர் கிடைக்கவில்லை. முதல் குடத்துக்குரிய பாட்டி இரவு இரண்டு மணிக்கே வந்து படுத்திருந்தார். எழுதிக் கொடுத்ததைப் படித்த சார், "பாட்டி பெயர் என்ன?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. ஐந்து ஆண்டுகளாக எதிர் வீட்டில் இருந்தவரின் பெயரை அன்று மாலை போய்த்தான் கேட்டேன்.

நோட்டுகளை இருவர் இருவராகத் திருத்தச் செய்வார். ஒருவன் வாய்விட்டுப் படிக்க, மற்றவன் ஸ்கேலை வரிக்குக் கீழே வைத்துக்கொண்டு சரிபார்க்க வேண்டும். அச்சகத்தில் மெய்ப்புப் பார்க்கும் முறையும் அதுவே.

2025 ஜூலை 17, வியாழன்

அறிவிப்பை எழுதி முடித்தேன். "நாளிதழ் உதவி ஆசிரியர் (1970–1980), பட்டதாரி உதவி ஆசிரியர் (1980–2005)" என்பது மூன்றாம் வரி. இரண்டு வேலைக்கும் தமிழ் ஒரே பெயரைக் கொடுத்திருப்பதில் சாருக்கு அவ்வளவு மகிழ்ச்சி. பாரதி 1904-இல் மதுரை சேதுபதி உயர்நிலைப் பள்ளியில் தமிழாசிரியராக இருந்துவிட்டு, அதே ஆண்டில் சுதேசமித்திரனுக்கு உதவி ஆசிரியராகச் சென்னை வந்தார். அந்த இதழை 1882-இல் தொடங்கிய ஜி. சுப்பிரமணிய ஐயரும் பள்ளி ஆசிரியராக இருந்தவர். "அவர்கள் போன வழியில்தான் நான் திரும்பி நடந்தேன்" என்று சொல்லும்போது அவர் முகம் மலர்ந்திருக்கும்.

2025 ஜூலை 18, வெள்ளி

மாலையில் விளம்பரப் பிரிவிலிருந்து மெய்ப்பு வந்தது. அக்கா வாய்விட்டுப் படிக்க, நான் ஸ்கேலை வைத்துக்கொண்டு பார்த்தேன். மூன்றாம் வரியில் ஓர் 'உதவி ஆசிரியர்' இல்லை. தொலைபேசியில் கேட்டபோது, ஒரே சொல் இரண்டு முறை வந்ததால் தவறு என்று நினைத்து எடுத்துவிட்டதாக அந்தப் பையன் சொன்னான். "தவறில்லை, தம்பி, இரண்டும் வேண்டும்" என்றேன். "இரண்டும் ஒரே வேலை இல்லையா, சார்?" என்று கேட்டான். அவனுக்கு விளக்கிச் சொல்லக் கால் மணி நேரம் ஆயிற்று. கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, ஆண்டுகளையும் ஒருமுறை படித்துச் சரிபார்த்துவிடலாமா என்று அவனாகவே கேட்டான். படித்தான். எல்லாம் சரியாக இருந்தன.